நிறைய ஊற்றினால் நிற்கும் மோட்டார்

எல்லப்பனை ஐந்து மணிக்குப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவாகிவிட்டது. துப்பறிவாளர் ஏலவார்குழலி நத்தமேட்டு ஏரிக்கரையில் வந்து இறங்கியபோது மணி ஒன்றரை.

பிள்ளைப்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிறது அந்த ஏரி. எண்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் ரோடு முழுகிப்போய், அக்கரை ஊருக்குப் படகை விட்டால் வேறு வழி இல்லை. மீன் சங்கத்துப் படகு அது. அதன் பின்பலகையில் ஒரு பழைய மோட்டார் மாட்டியிருந்தது. அதை ஓட்டுகிறவன்தான் எல்லப்பன். முப்பது வயது. இப்போது புங்கமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. ஆனாலும் இரண்டு கையையும் முழங்கால்மேல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருந்தான். நாலு நாளாக ஊரே ஒருத்தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷன் அப்படித்தான் உட்காருவான், பாவம்.

குழலிக்கு நாற்பத்தெட்டு வயது. எரிந்த லாரியையும் கவிழ்ந்த மொபெட்டையும் பத்து வருஷம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக ஆராய்ந்துவிட்டு, காஞ்சிபுரத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். கூட வந்தவன் அவளுடைய உதவியாளன் பாண்டுரங்கன். வயது நாற்பது ஆகப்போகிறது. வாய்க்கு மட்டும் பதினெட்டுதான்.

“சுங்குவார்சத்திரத்துலேர்ந்து ஆறு மைல் மிதிச்சிகினு வந்தேன் அக்கா,” என்று சைக்கிளை மரத்தில் சாய்த்தான். “நீங்க பின்னாடி ஒக்காந்துகினு யோசிச்சீங்க. யோசனை இவ்ளோ வெயிட்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“திரும்பிப் போகும்போது வெயிட் குறைஞ்சிருக்கும். மிதி.”

கரைமேல் கிளியம்மாளின் டீக்கடை. அங்கே பெஞ்சில் காத்திருந்தார் இவர்களை வரவழைத்த சங்கச் செயலாளர் தாண்டவராயன். ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் சாவிக்கொத்தோடு இருந்து ரிட்டையர் ஆனவர். ஆடி மாதத்தில் சங்கத்துக்குச் செயலாளராக வந்தார். சட்டைப் பையில் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தார். போலீசுக்கான புகார். கையெழுத்துகூடப் போட்டாகிவிட்டது.

“ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்மா,” என்றார். “எப்பிடிப் பண்றான்னுதான் தெரியல. அத மட்டும் கண்டுபிடிச்சிக் குடுத்தீங்கன்னா போதும்.”

“ஆள் தெரிஞ்சிபோச்சா?” என்றான் பாண்டுரங்கன். “எங்க ஆபீஸ்ல வழக்கமா அது கடசியிலதான் வரும்.”

தாண்டவராயன் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

நாலு நாளைக்கு முன்னால் காலையில், அக்கரையில் அவர் வீட்டில், மகள் இந்திராணிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக இக்கரைக்கு வந்துதான் ஆகவேண்டும். மகளைப் படகில் ஏற்றினார். பாதி ஏரியில் மோட்டார் திடீரென்று கத்தியது. “கொறடா, கொறடா” என்று இவர் சொல்ல, எல்லப்பன் கைப்பிடியை முறுக்கினான். சத்தம் குறையவில்லை, இன்னும் கூடியது. அப்புறம் ஒரேயடியாக நின்றுபோயிற்று. முப்பது தடவை இழுகயிற்றை இழுத்தான். மோட்டார் இருமக்கூட இல்லை. தண்ணீர் இழுத்த இழுப்பில் படகு கலங்கலை நோக்கிப் போயிற்று. ஏரி நிரம்பி வழிகிற கல்மதில் அது. அந்தப் பக்கம் பத்தடி பள்ளம்.

“பரசுராமன் தோணி போட்டுகினு வந்து கயிறு வீசலேன்னா எங்க மூணு பேரையும் அந்தப் பள்ளத்துலதான் பொறுக்கியிருப்பாங்க. எம்பேத்தி அந்தத் தோணியிலதான் பொறந்துச்சி. கொட்ற மழையில.” அவர் கனைத்துக்கொண்டார். “இப்ப ரெண்டு பேரும் வூட்டுல நல்லா கீறாங்க. அது சாமி புண்ணியம். இவன் புண்ணியமில்ல.”

கிளியம்மாள் டீ கொண்டுவந்தாள். அக்கரை ரோடு முழுகி நாலு நாளாகப் பால்காரன் வரவில்லை, டப்பாப் பால்தான். புது டப்பா ஒன்றை எடுத்து ஆணியால் மேலே ஒரு குத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு குத்து குத்தினாள்.

“ஒரு ஓட்டை போதாதா அம்மா? ரெண்டு ஓட்டை போட்டா ஈ ரெண்டு வழியா வருமே,” என்றான் பாண்டுரங்கன்.

“ஒண்ணு போட்டுட்டு நீயே கவுத்துப் பாரு நைனா. சாயந்தரம் வரைக்கும் டீக்கு நிப்ப,” என்றாள் கிளியம்மாள்.

குழலி செயலாளர் பக்கம் திரும்பினாள். “எல்லப்பன்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

தாண்டவராயன் விரலை மடக்கினார். “டேங்க்ல பாதி பெட்ரோல் ஊத்தினா மோட்டார் ஜம்முனு போய் வருது. நிறைய ஊத்தினா நடு ஏரியில நிக்குது. பெட்ரோல் பத்தாம நிக்கற வண்டியப் பாத்துக்கீறேன். பெட்ரோல் ஜாஸ்தியாயி நிக்கற வண்டி உலகத்துல உண்டா?”

“எங்க மாமனார் அப்பிடித்தான் சார். நெறைய ஊத்துனா நடுரோட்டுல நின்னுடுவாரு.”

“பாண்டு,” என்றாள் குழலி. அவன் டீயில் வாயை வைத்துக்கொண்டான்.

“ரெண்டாவது. புரட்டாசியில மூணு நாள் காஞ்சிபுரம் போயிட்டேன், பட்டுப்புடவை எடுக்க. அந்த மூணு நாளும் ரொப்பி ரொப்பி ஊத்தி ஓட்டிக்கீறான். ஒரு தபா நிக்கல. நான் திரும்பி வந்த அன்னிக்கே நின்னுச்சி. அப்பிடின்னா இன்னா அர்த்தம்? நான் இருந்தா மட்டும் நிக்கும். கோவத்த எம்மேல காட்றான்.”

“காட்றதுக்குக் காரணம்?”

“மின்ன இருந்தவங்க பெட்ரோல் டின்னைத் தெறந்து போட்டு வெச்சிருந்தாங்க. நான் வந்து கட்டுப்பாடு வெச்சேன். ஸ்டோர்ல எண்ணெய் டிரம்முக்கு வெக்கிற மாதிரி டேங்க் மூடிமேல துணி சுத்தி அரக்கு ஊத்தி முத்திரை. என் கையால வெப்பேன், என் கையாலதான் ஒடைப்பேன். ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது. அதுலேர்ந்து அவனுக்கு எரிச்சல்.” மூன்றாவது விரலை மடக்கினார். “இதாம்மா பெருசு. நடுத்தண்ணியில முப்பது இழுப்புக்கு அசையாத மோட்டார், கரைக்கு இழுத்தாந்து நான் முத்திரைய ஒடைச்சி பெட்ரோல் கீதான்னு பாத்துட்டு இழுன்னு சொன்னா, மொத இழுப்புலயே ஸ்டார்ட் ஆவுது. நடிப்பு. அத்தினியும் நடிப்பு.”

மூன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தன. பாண்டுரங்கன்கூட மரத்தடியில் இருந்தவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

படகு கரையில் கட்டியிருந்தது. குழலி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றினாள். பிளக்கை எடுத்து, ஒயரோடு இன்ஜின்மேல் வைத்து, பாண்டுரங்கனை இழுகயிற்றை இழுக்கச் சொன்னாள். நீலமாய்ப் பொறி பறந்தது. அங்கே குற்றம் இல்லை.

டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தெளியவிட்டாள். அடியில் தண்ணீர் தங்கவில்லை. விரலில் தொட்டு முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாடை இல்லை, ஆயில் சரியாகத்தான் கலந்திருந்தது. கைப்பிடியை மெதுவாய் முறுக்கிக்கொண்டே உள்ளே பார்த்தாள். முறுக்க முறுக்கக் கார்புரேட்டர் கதவு திறந்தது, விட்டால் மூடியது. சிக்கல் இல்லை, தளர்ச்சி இல்லை.

“இவ்ளோ நல்ல பிள்ளையா கீதே இது,” என்றான் பாண்டுரங்கன். “அப்ப அந்தத் தோணிக்காரன் பரசுராமன் மேல ஒரு கண்ணு வையுங்க அக்கா. மோட்டார் வந்து அவன் பொழப்பு போச்சு. அன்னிக்கு மட்டும் கரெக்டா கயிறோட வந்து நிக்கிறான். எனக்கு ரொம்பக் கரெக்டா வர்றவங்கள நம்ப முடியாது.”

“நீ ஆபீசுக்குத் தினமும் லேட்டா வர்றது அதனாலதானா? அவன் தோணி மோட்டார் பக்கத்துல வந்தது நின்ன பிறகுதான். வர்றதுக்கு முன்னாடி எப்படி நிறுத்துவான்?”

டேங்க் தனியாக, படகின் தரையில் இருந்தது. சிவப்புத் தகரப் பெட்டி. அதிலிருந்து மோட்டாருக்கு ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் நடுவில் கோழிமுட்டை மாதிரி ஒரு ரப்பர்க் குமிழ். குமிழை அமுக்கினால் பெட்ரோல் ஏறும். குழலி டேங்க் மூடியைக் கையில் எடுத்தாள். ஓரமெல்லாம் பழைய அரக்குச் சிவப்பு. அதை வானத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்ப மூடிவிட்டு மரத்தடிக்குப் போனாள்.

எல்லப்பன் எழுந்து நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் நீட்டினான்.

“உட்காருப்பா. அன்னிக்கு நின்னதும் நீ என்ன பார்த்த?”

“ரப்பர் முட்டை சப்பையா கெடந்திச்சிம்மா. நான் அமுக்கல. தானா ஒட்டிகினு கெடந்திச்சி, சப்பிப்போட்ட மாங்கா மாதிரி. அமுக்கி வுட்டா திரும்ப எழும்பல.”

“வேகம் குறையலயாமே?”

“நான் கொறைச்சேம்மா. எங்கொயந்த மேல ஆணையா கொறைச்சேன். நான் கொறைக்கிறேன், அது கத்துது. இன்னா செய்யறது?”

“மூடியைத் தொட்டியா?”

எல்லப்பன் செயலாளரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். “தொடல. ஆடிக்கு மின்ன எப்பனா மக்கர் பண்ணா மூடியத் தெறந்து உள்ளாற பாப்பேன். பாத்தா அது சமாதானமாயிடும். ஏன்னு தெரியாது. அன்னிக்கும் அய்யாவக் கேட்டேன், ஒரு தபா மூடியத் தெறக்கட்டுமான்னு.”

“கேட்டாம்மா,” என்று தாண்டவராயன் இடைபுகுந்தார். “எம்பொண்ணு அங்க துடிச்சிகினு கீது, இவனுக்கு முத்திரைய ஒடைக்கணுமாம். அந்த நேரத்துலயும் பெட்ரோல் மேலதான் கண்ணு. கைய வெச்சீன்னா கை இருக்காதுன்னேன். இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?”

குழலி டீக்கடைக்குப் போய் இன்னொரு டீ கேட்டாள். அவள் ஒரு நாளைக்கு ஒரு டீக்கு மேல் குடிக்கமாட்டாள் என்பது பாண்டுரங்கனுக்குத் தெரியும். அவன் கிண்டலை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். அவளோ டீயைத் தொடாமல் அந்தப் பால் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செயலாளர் அரக்கை எங்கே உருக்குவாரு?” என்று கிளியம்மாளைக் கேட்டாள்.

“எங்க அடுப்புலதான். இரும்புக் கரண்டியில உருக்கி, சூட்டோட தூக்கினு ஓடுவாரு. தெனம் ஒரு கரண்டி.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கா?” கிளியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “விடியக்காலமே டேங்க்க மட்டும் தோணியில ஏத்திகினு வந்தாரு. எந்நேரமும் பொண்ணுக்கு வலி வந்துடும்னு டேங்க்கை வழிய வழிய ரொப்பினாரு. அதனால ரெண்டு கரண்டி உருக்கி முத்திரை வெச்சி, தோணியிலயே அக்கரைக்குத் திரும்பக் கொண்டுபோனாரு. ரெண்டு கரண்டி அரக்கு போட்டா பாயசம்கூட வெளிய வராதுன்னு நான்கூட சொன்னேன்.”

மணி நாலு. குழலி எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டாள்.

“எல்லப்பன் எப்படிப் பண்ணினான்னு காட்டுறேன். நீங்களும் படகுல வாங்க. எல்லப்பன் வரவேண்டாம். அவன் இங்கேயே, எல்லாரும் பார்க்கிற மாதிரி நிக்கட்டும். டேங்க்கை நிறைய ரொப்புங்க. அன்னிக்கு வெச்ச மாதிரியே முத்திரை வையுங்க. ரெண்டு கரண்டி.”

தாண்டவராயன் சந்தோஷமாக வைத்தார். துணியைச் சுற்றி, அரக்கைச் சுற்றிலும் ஊற்றி, நடுவிலும் ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்தினார். இருபத்திரண்டு வருஷத்துக் கைப்பழக்கம்; ஒரு சுருக்கம் விழவில்லை.

இழுகயிற்றை இழுக்கிற வேலை பாண்டுரங்கனுக்கு. மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது.

“எனக்கு நீச்சல் தெரியாது அக்கா. இத மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

“கைப்பிடியை அவர்கிட்ட குடுத்துட்டு நீ முன்னால போய் உட்காரு. கையைத் தூக்கிக்கோ.”

கைப்பிடியைத் தாண்டவராயனே பிடித்தார். கலங்கலுக்கு எதிர்த்திசையில் படகைச் செலுத்தச் சொன்னாள் குழலி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். கரை சிறுத்தது. புங்கமரத்தடியில் எல்லப்பன் ஒரு புள்ளியாய் நின்றான்.

எட்டு நிமிஷம் ஆயிற்று. ஒன்பதாவது நிமிஷத்தில் மோட்டார் குரலை உயர்த்தியது.

“கொறைங்க,” என்றாள் குழலி.

தாண்டவராயன் கைப்பிடியை முறுக்கினார். மோட்டார் இன்னும் கத்தியது. அவர் இன்னும் முறுக்கினார். “கொறைக்கிறேம்மா, கொறைக்கிறேன்,” என்றார். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. மோட்டார் நின்றது.

தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இழுங்க.”

இழுத்தார். பத்து, பதினைந்து, இருபது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. படகு மெள்ளத் திரும்பி, தானாகவே, கலங்கல் பக்கம் நகர ஆரம்பித்தது.

“அக்கா,” என்றான் பாண்டுரங்கன், தூக்கிய கையை இறக்காமல். “சஸ்பென்ஸ் போதும்னு நெனக்கிறேன்.”

குழலி குனிந்து ரப்பர்க் குமிழைக் காட்டினாள். சப்பையாகக் கிடந்தது. “எல்லப்பன் கரையில நிக்கிறான். இதை யார் அமுக்கினது?”

தாண்டவராயன் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

“டப்பாவுல ஒரே ஓட்டை போட்டா பால் இறங்காது. காத்து உள்ள போனாத்தான் பால் வெளிய வரும். இந்த மூடியில ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருக்கு, செஞ்சவங்க காத்துக்காக விட்டது. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும். அதுமேலதான் நீங்க தினமும் அரக்கு ஊத்தறீங்க. மோட்டார் பெட்ரோலை உறிஞ்சுது, உள்ளே காத்து வரலை. ஒரு கட்டத்துல உறிஞ்சவும் முடியலை. பெட்ரோல் அறுந்துபோற நேரத்துல இந்த ஜாதி இன்ஜின் குறைச்சாலும் ஒரு கத்து கத்தும், அப்புறம் சாகும். மொபெட்ல பத்துத் தடவை பார்த்திருக்கேன்.”

“பாதி ஊத்தினா ஓடுச்சே,” என்றார் அவர் மெதுவாக.

“பாதி டேங்க்ல மீதி பாதி காத்து. அது கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும். நிறைய ஊத்தினா காத்துக்கு இடமே இல்லை. நீங்க காஞ்சிபுரத்துல இருந்த மூணு நாள் முத்திரை உங்க பையில இருந்தது. கரைக்கு வந்ததும் ஸ்டார்ட் ஆகுதுன்னு சொன்னீங்க. கரையில முதல் காரியமா நீங்க என்ன செய்வீங்க?”

“ஒடைப்பேன்,” என்றார் தாண்டவராயன்.

குழலி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்து அவரிடம் நீட்டினாள். “நடுவுல குத்துங்க. உங்க முத்திரை, நீங்கதான் உடைக்கணும்.”

இரண்டு கரண்டி அரக்கு. மூன்று குத்து குத்த வேண்டியிருந்தது. ஊசி உள்ளே இறங்கியதும் “ஸ்ஸ்” என்று டேங்க் மூச்சு வாங்கியது. ரப்பர்க் குமிழ் மெள்ள எழும்பி மறுபடி முட்டையானது. குழலி அதை நாலு அமுக்கு அமுக்கிவிட்டுத் தலையசைத்தாள்.

ஒரே இழுப்பு. மோட்டார் பிடித்துக்கொண்டது.

தாண்டவராயன் படகைக் கரைக்குத் திருப்பினார். பாண்டுரங்கன் குழலியின் காதருகில் சாய்ந்து, “செஞ்ச ஆளே நம்மள வரவழைச்சி, செஞ்ச ஆளக் கண்டுபிடின்னு சொன்ன கேசு இதான் அக்கா மொத தபா,” என்றான்.

“தெரிஞ்சு செய்யலை பாண்டு. தெரிஞ்சு செஞ்சிருந்தா மகளை ஏத்துவாரா?”

எல்லப்பன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். படகு கரை தட்டியதும் பழக்கத்தில் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினான். பிறகு நினைவு வந்தவன்போலப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

தாண்டவராயன் இறங்கி அவன் எதிரில் போய் நின்றார். “அன்னிக்கு நீ எங்கிட்ட இன்னா கேட்ட?”

“மூடிய ஒரு தபா தெறக்கட்டுமான்னு கேட்டேங்கய்யா.”

“நான் இன்னா சொன்னேன்?”

சுற்றி நின்றவர்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். எல்லப்பன் ஏரியைப் பார்த்தான். “கொயந்த நல்லா கீதாங்க?” என்றான்.

தாண்டவராயன் பையிலிருந்த கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. மடித்தது மடித்தபடி கிளியம்மாளின் அடுப்பில் வைத்தார், அரக்கு உருக்குகிற அதே அடுப்பில். அது எரிந்து முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“நீயே வந்து பாரு,” என்றார். “படக எடு.”

எல்லப்பன் படகில் ஏறினான். டேங்கின்மேல் துணியும் அரக்கும் இன்னும் இருந்தன. அவன் தொடத் தயங்கினான். தாண்டவராயனே உட்கார்ந்து நகத்தால் சுரண்டிச் சுரண்டி எல்லாவற்றையும் எடுத்து ஏரியில் போட்டார். தகர மூடி பளிச்சென்று தெரிந்தது.

மோட்டார் சத்தம் அக்கரையை நோக்கிப் போயிற்று. குழலி கரையில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிளம்பலாமா அக்கா? இருட்டறதுக்குள்ள ஆறு மைல் கீது.”

“இரு.”

எட்டு. ஒன்பது. கிளியம்மாள்கூடக் கையில் டம்ளரோடு வெளியே வந்து நின்றாள்.

பத்து. பதினொன்று. படகு கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்தச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“இப்ப மிதி,” என்றாள் குழலி.